கொழும்புக்காரர் ஆர்தர் கிளார்க்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் கட்டுரையில் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைக் 'கொழும்புக்காரர்' என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வெள்ளைக்காரர்கள் வெயில் தேடி ஒரு தீவுக்குப் போவதும், நாலு வேலைக்காரர்களை வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் காலத்தைக் கழிப்பதும் நாம் பார்க்காததா? போதாததற்கு வரிச்சலுகை வேறு. வாழ்நாளெல்லாம் விண்வெளியைப் பற்றி எழுதியவருக்குக் கொழும்பில் என்ன வேலை? அங்கே தினமும் என்னதான் செய்துகொண்டிருந்தார்? ஊருக்கும் அவருக்கும் உண்மையிலேயே ஒட்டுதல் இருந்ததா? கொஞ்சம் விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

க., மதுரை

அன்புள்ள க.,

வரி விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தக் காலத்துப் பிரிட்டனில் நன்றாகச் சம்பாதிக்கும் எழுத்தாளர்கள் வரியில் பெரும்பங்கைக் கட்டிவிட வேண்டியிருந்தது. ஆனால் இலங்கையும் அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. வெளிநாட்டில் ஈட்டிய பணத்துக்கும் வரி உண்டு என்பதால், பல வருடங்கள் ஆண்டில் பாதிக்கு மேல் அங்கே தங்க முடியாமல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதே அவருக்கு வழக்கமாக இருந்தது. 1970களின் நடுவில்தான் அரசு வெளிநாட்டவருக்கு 'வதிவிட விருந்தினர்' என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதைக் 'கிளார்க் சட்டம்' என்றே பலர் சொன்னார்கள். ஆனால் அவர் அங்கே குடியேறியது 1956இல். பெரும்புகழும் பெரும்பணமும் வந்ததெல்லாம் அதற்கு வெகுநாள் கழித்து. வரிக்கு ஒளிய நினைப்பவர் அத்தனை வருடம் முன்கூட்டியே போய் உட்கார மாட்டார்.

அவரை இழுத்தது கடல்.

1954 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. கிடைத்த சில மணி நேரத்தில் ரோட்னி ஜோங்க்லாஸைச் சந்தித்தார். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்தவர், நீர்மூழ்குவதில் அந்தத் தீவிலேயே பேர்போனவர். இலங்கையைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைப் பற்றி அவர் சொன்னது கிளார்க்கின் மனதில் தங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வேலையை முடித்த பிறகு, நண்பர் மைக் வில்சனோடு திரும்பி வந்துவிட்டார்.

விண்வெளிக்காரருக்குக் கடலில் என்ன வேலை என்கிறீர்களா? அவரே பலமுறை சொன்ன பதில்தான். பூமியில் இருந்துகொண்டே எடையில்லாமல் மிதக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குள் போவதுதான் வழி. 1950களில் எந்த மனிதனும் விண்வெளிக்குப் போயிருக்கவில்லை. போக முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஒருவர், அந்த அனுபவத்துக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் போகப் பார்த்தார். பிற்காலத்தில் விண்வெளி வீரர்களுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துத்தான் பயிற்சி கொடுத்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடல் அவரை எங்கே கொண்டு போய்விட்டது என்பதுதான் நமக்கு நெருக்கமான விஷயம். திருகோணமலையில் சுவாமி மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடத்தில் இருவரும் மூழ்கினார்கள். சம்பந்தர் பாடிய தலம் அது. மேலே இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிவிட்டு, அந்தக் கல்லையே கோட்டை கட்ட எடுத்துக்கொண்டார்கள். தள்ளியவற்றில் ஒரு பகுதி கடலுக்குள் போனது. மலையடிவாரத்தில், இயற்கையாக விழுந்த பாறைகளுக்கு நடுவே, மூலைகள் நேர்கோட்டில் செதுக்கப்பட்ட கற்களும் தூண்களும் கிடந்தன. பாசியும் சிப்பியும் ஏறிப் பாறையோடு பாறையாகத்தான் தெரியும். ஆனால் இயற்கை அப்படி நேரான விளிம்பை வெட்டாது. முந்நூறு வருடத்துக்கு மேலாகத் தண்ணீருக்கடியில் கிடந்த ஒரு தமிழ்க் கோயிலின் கற்களை, சாமர்செட்டில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதர் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு தடவிப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி 1957இல் 'The Reefs of Taprobane' என்று ஒரு புத்தகமே எழுதினார். மலைமேல் பூசை நடக்கும் காட்சியும் அதில் உண்டு. எனக்கு அவர்மேல் ஒட்டுதல் வந்தது விண்கலங்களால் அல்ல, இந்தக் கற்களால்தான்.

அப்புறம் வெள்ளி. 1961இல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கம் நிற்கும் பாறைத்திட்டுக்குப் பக்கத்தில், வில்சனும் அவரோடு போன இரண்டு பையன்களும் ஒரு பழைய கப்பலின் மிச்சத்தைக் கண்டார்கள். உள்ளே வெள்ளி ரூபாய்கள். ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சடித்தவை. காசு கட்டியிருந்த சாக்கு என்றோ மக்கிப் போய்விட்டது, ஆனால் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாக்கின் வடிவத்திலேயே உருண்டு திரண்டு கட்டியாகி நின்றன. ஒரு கட்டியில் சுமார் ஆயிரம் காசு. புதையலைக் கண்டவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? இவர்கள் சினிமா எடுத்தார்கள்! கடலடிப் புதையலையே கதையாக்கி, கிளார்க் பணம் போட, வில்சன் இயக்கி 1962இல் வெளியான படம்தான் முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம். நன்றாக ஓடியது. சாய்வு நாற்காலியில் காலம் கழித்தவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

அதே 1962இல் அவருக்குக் கடுமையான அடி. உடம்பு செயலிழந்து படுத்துவிட்டார். முதலில் தண்டுவடத்தில் காயம் என்றார்கள், அது போலியோவாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று. மெல்ல எழுந்தார், மறுபடி மூழ்கினார். ஹிக்கடுவையில் நண்பர் ஹெக்டர் ஏக்கநாயக்கவோடு சேர்ந்து, சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் தொழிலையும் நடத்தினார்.

சரி, தினசரி வாழ்க்கைக்கு வருகிறேன். நீங்கள் முக்கியமாகக் கேட்டது அதைத்தான்.

கொழும்பின் கறுவாத்தோட்டத்தில் பார்ன்ஸ் பிளேஸில் பெரிய வீடு. வீட்டில் சாரம்தான், அதாவது லுங்கிதான், கட்டுவார். வந்த நிருபர்களையும் சாரத்தோடுதான் பார்ப்பார். வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு தனிமனிதரின் பங்களாவாக இல்லை. ஹெக்டரும் அவர் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் அதே வீட்டில் குடும்பமாக இருந்தார்கள். குழந்தைகள் அவர் கண்முன்னே வளர்ந்தார்கள். 'பெப்சி' என்று ஒரு சிவாவா நாய், உள்ளங்கையில் அடங்குகிற சாதி. சுவர் நிறையப் புகைப்படங்களும் பட்டயங்களும் மாட்டிய அறைக்கு 'ஈகோ அறை' என்று அவரே பெயர் வைத்திருந்தார். உலகெங்கும் இருந்த நண்பர்களுக்குத் தனித்தனியாக எழுதி மாளாது என்று வருடத்துக்கு ஒருமுறை ஒரே கடிதமாக எழுதி அனுப்புவார். அதன் பெயர் 'ஈகோகிராம்'.

காலையில் எழுத்தும் தபாலும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம். நம்மூரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மாலையானால் ஒட்டர்ஸ் கிளப்பில் டேபிள் டென்னிஸ். இதை அவர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பது அவரைச் சந்திக்கப் போன பலர் எழுதியதில் பதிவாகியிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் பழைய நோயின் விளைவுகள் திரும்பி வந்து கால்கள் தளர்ந்தபோதும் விடவில்லை. மேசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஆடினார். தன்னைவிடப் பாதி வயதுக்காரர்களை ஜெயித்துவிட்டுக் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார் என்கிறார்கள். இப்படி நேரம் தவறாத ஒரு நாள் அமைந்ததால்தான் அவரால் அவ்வளவு எழுத முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம். கற்பனை தூரமாகப் போகிறவர்களுக்கு வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். நியூயார்க்கில் அது அவருக்கு வாய்த்திருக்காது.

இன்னொரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. 1945இல் ஒரு வானொலி இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், அங்கிருந்து உலகத்துக்கே ஒலிபரப்பலாம் என்று. கிடைத்த சன்மானம் பதினைந்து பவுண்ட். முப்பது வருடம் கழித்து, 1975 ஆகஸ்டில், இந்தியா அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. அப்போது இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்புக்கு வந்து, அவர் வீட்டிலேயே பெரிய ஆன்டெனா தட்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். இந்தியாவின் நன்றிக்கடன். இலங்கையில் அப்போது தொலைக்காட்சியே கிடையாது, அது வந்தது 1979இல். ஆக, அந்த நாட்டில் தொலைக்காட்சி ஓடிய வீடு அவருடையது. பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெட்டியில் என்ன ஓடியது? ஒடியா, இந்தி, தெலுங்கு, கன்னட மொழிகளில் பயிர் வளர்ப்பும் சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும். தான் காகிதத்தில் வரைந்தது ஒரிசா விவசாயிக்கு நெல்லைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதைத் தன் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

தீவில் இருந்ததால் உலகத்தோடு தொடர்பு விட்டுப்போனதா என்றால், இல்லை. 1983இல் தன் நாவல் ஒன்றைப் படமாக்கிய இயக்குநர் பீட்டர் ஹயாம்ஸோடு கம்ப்யூட்டர் மோடம் வழியாகத் தினமும் கடிதப் போக்குவரத்து நடத்தினார். ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸில், ஒருவர் கொழும்பில். நடுவே பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். இவர் எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தால், அவர் எழுந்து பதில் போடுவார். மின்னஞ்சல் என்பதை ஊரில் யாரும் கேள்விப்படாத காலம் அது.

அதே 1983 நமக்கு வேறொன்றையும் நினைவூட்டும். ஜூலைக் கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது அவர் அந்த ஊர்க்காரர். அரசியலில் அவர் வாய் திறந்து பேசியவர் அல்ல, அது எனக்குக் குறைதான். பேசியிருந்தால் உலகம் கேட்டிருக்கும். ஆனால் 2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு, மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுக்கோள் உயிர்களுக்கு ஆதாரம் கிடைக்க வேண்டும், எண்ணெயை விட்டுத் தூய ஆற்றலுக்கு உலகம் மாற வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்லும் காணொளியைப் பாருங்கள். மூன்றாவதைச் சொல்லும்போது விருந்தாளியின் உபசார வார்த்தையாக எனக்குத் தோன்றவில்லை.

ஒட்டுதல் இருந்ததா என்று கேட்டீர்கள். 1979இல் வந்த அவருடைய நாவல், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதைப் பற்றியது. அந்தத் தூக்கியை நிலநடுக்கோட்டில்தான் நிறுத்த முடியும். இலங்கையோ அதற்குச் சில நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வேறு எழுத்தாளராக இருந்தால் கதையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். இவர் தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார்! சிவனொளிபாத மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கி, சிகிரியாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் வேந்தராக இருந்ததும் அந்த ஆண்டிலிருந்துதான். 2002 வரை இருந்தார். 2000இல் பிரிட்டிஷ் அரசு கொடுத்த 'சர்' பட்டத்தைக் கொழும்பிலேயே வாங்கிக்கொண்டார். 2008 மார்ச்சில் அங்கேயே இறந்தார், பொரளை கனத்தை மயானத்தில் ஏக்கநாயக்க குடும்பத்தார் பக்கத்தில் அடக்கம். அதனால்தான் 'கொழும்புக்காரர்' என்று எழுதினேன், இனியும் அப்படித்தான் எழுதுவேன்.

அவரை வாசிக்க ஆரம்பிப்பதென்றால் விண்வெளி நாவல்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1957இல் எழுதிய அந்த இலங்கைக் கடல் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் திருகோணமலைப் பகுதியை முதலில் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.