பதில்: தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடும் குழந்தை

மாட்டு வேலிக்கான கம்பிப் பேனல் (cattle panel) அடித்தும் ஒன்றரை வயதுப் பையன் புகுந்து மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறான் என்கிறீர்கள். போவான்தான். அதன் கண்ணி மாட்டுக்கு அளந்தது. 6, 8 அங்குல இடைவெளி, ஏறவும் ஏணி மாதிரி.

தொட்டியை அடைத்தால் மாடு குடிக்க முடியாது. அதனால் வீட்டு முற்றத்தைச் சுற்றி வேலி போட்டு அடைத்துவிடுங்கள். குதிரை வேலிக்கான 2×4 அங்குலக் கம்பி வலை, 5 அடி உயரம். தரைக்கும் வலைக்கும் 4 அங்குலத்துக்குள். குறுக்குச் சட்டம் வெளிப்பக்கம் வரட்டும், உள்ளே இருந்தால் கால் வைத்து ஏறுவான். கதவு தானாக மூடும் கீல், கொக்கி நாலரை அடிக்கு மேல். சங்கிலி மாட்டும் கதவு வேண்டவே வேண்டாம், வேலைக்காரர் யாராவது ஒருநாள் மாட்டாமல் போய்விடுவார்.

முற்றத்தில் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். இந்த வயதில் மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தமும் வராது.