கதை தமிழில், பதில் ஆங்கிலத்தில்

கேள்வி: மகளுக்கு மூன்றரை வயது. என்னிடம் தமிழ், அவள் அப்பாவிடம் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். தூங்கும்முன் தமிழ்க் கதைப் புத்தகம் வாசித்தால் பாதியில் எழுந்து ஓடுகிறாள். கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். மூன்று மொழி குழப்புகிறதா? பேசாமல் ஆங்கிலத்திலேயே வாசிக்கட்டுமா?

பதில்: வேண்டாம். குழப்பமும் இல்லை. கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அந்தச் சொல்லை எடுக்கிறாள், அவ்வளவுதான். நாமும் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறோம்? பார்பரா பியர்சன் குழுவினர் 1993-இல் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கேட்டு வளரும் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியபோது, ஒரே மொழிக் குழந்தைகளைவிட அவர்கள் பின்தங்கியிருக்கவில்லை. எந்த மொழியிலுமே பேச்சு வரவில்லை என்றால்தான் கவலை. அப்போது முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

ஓடுவதற்குக் காரணம் வேறு என்று தோன்றுகிறது. புத்தகத்தில் 'யானை ஆற்றுக்குச் சென்று நீர் அருந்தியது' என்று இருக்கும். 'போச்சு, குடிச்சுது' என்றே கேட்டு வளரும் பிள்ளைக்கு அது நாலாவது மொழி! அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும் என்று சட்டமா என்ன? 'யானை ஆத்துக்குப் போச்சு, தண்ணி குடிச்சுது' என்று சொல்லுங்கள். கதை பழகியதும், அடிக்கடி வரும் ஒரு வரியை மட்டும் அச்சில் உள்ளபடி வாசியுங்கள். 'நீர்...' என்று நிறுத்தினால், ஒருநாள் 'அருந்தியது' என்று அவளே முடிப்பாள். அதே புத்தகத்தைத்தான் தினமும் கேட்பாள். உங்களுக்கு அலுக்கும், அவளுக்கு அலுக்காது.

படத்தைக் காட்டி 'எலிஃபன்ட்!' என்றால் 'தமிழ்ல சொல்லு' என்று மடக்காதீர்கள். 'ஆமா, யானை! தும்பிக்கையால என்ன பண்ணுது?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். நாம்தான் அவசரப்பட்டுப் பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

இதற்குப் பதிலாக வீடியோ கதை போடலாமே என்று தோன்றலாம். பட்ரீசியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு நேரில் உட்கார்ந்து மாண்டரின் சீனத்தில் பேசினார்கள், புத்தகம் வாசித்தார்கள். அந்த மொழியின் ஒலிகள் குழந்தைகளுக்குப் பிடிபட்டன. அதையே டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை.

அப்புறம், அதே யானைப் புத்தகத்தை நாளைக்கு அவள் அப்பாவிடம் கொடுங்கள். படத்தைப் பார்த்துத் தெலுங்கில் கதை சொல்லட்டும். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றால் இன்னும் வசதி.