கங்காருக் கறிக்குப் பயப்படாதே தம்பி, மிச்சச் சோற்றுக்குப் பயப்படு

ஜூலையில் மெல்பர்னுக்குப் படிக்க வருவதாகவும், கிளேட்டன் பக்கம் நாலு பேரோடு வீடு பார்த்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். "ஆட்டுக்கறியைவிடக் கங்காருக் கறி மலிவு என்கிறார்களே, நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா அக்கா? வாடகை, பகுதிநேர வேலை பற்றியும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். நான் வந்தது 2006-ல். அன்றைய வாடகைக்கும் இன்றைக்கும் சம்பந்தமே இல்லை. போன வருஷம் வந்த பிள்ளைகளிடம் கேள், அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். சாப்பாட்டு விஷயம் மட்டும் என்னிடம் கேட்டுக்கொள். பல வருஷமாக இங்கே ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கறிக்குள் தெர்மாமீட்டரைக் குத்திச் சூடு பார்த்துப் பார்த்தே என் பாதி நாள் போகிறது.

கங்காரு தாராளமாகச் சாப்பிடலாம். அது பண்ணையில் வளர்ப்பதில்லை. உரிமம் வாங்கியவர்கள் ராத்திரியில் விளக்கடித்துச் சுட்டு, பரிசோதனை முடிந்து கடைக்கு வருகிற காட்டுக்கறி. கோல்ஸ், வுல்வொர்த்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட்டுகளில் கோழிக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான் இருக்கும். அதனால்தான் ஆட்டுக்கறி மாதிரி குக்கரில் போட்டு ஐந்து விசில் விட்டால் நார்நாராக வறண்டுபோகிறது. இந்த ஊர்க்காரர்கள் உள்ளே சிவப்பாக இருக்கும்போதே இறக்கிவிடுவார்கள். அதை நீ பின்பற்ற வேண்டாம். கங்காருக் கறியில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும், அரைவேக்காட்டில் அது சாகாது. கர்ப்பமாக இருக்கிற பெண்கள் அரைவேக்காட்டுக் கறியைக் கண்டிப்பாகத் தொடக்கூடாது. கறியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பொடியாக நறுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சீக்கிரம் முழுக்க வெந்துவிடும், வறளவும் நேரம் இருக்காது. சாலையில் அடிபட்டுக் கிடப்பதைத் தூக்கி வரலாமா என்று ஒரு பையன் என்னிடமே கேட்டிருக்கிறான். அந்த எண்ணமே வேண்டாம்.

முதலைக் கறி, ஈமுக் கறி எல்லாம் விலை அதிகம். ஊருக்குப் போட்டோ அனுப்ப ஒரு தரம் வாங்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம், நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இந்த ஊரில் என்னைப் படுக்கப் போட்டது தெரியாத கறி இல்லை, தெரிந்த சோறு.

நான் வந்ததும் உன்னை மாதிரி ஜூலை மாதம்தான். நடுக் குளிர். நாலு பெண்கள், ஒரே குளியலறை. வெள்ளிக்கிழமை ராத்திரி பெரிய குக்கர் நிறையச் சோறு வடித்தோம். சாப்பிட்டது போக மிச்சத்தை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்தோம். வெளியேதான் இப்படிக் குளிர்கிறதே, ஃப்ரிட்ஜ் எதற்கு என்று நினைத்தோம். வீட்டுக்குள் ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அதே சோற்றில் நாலு முட்டை உடைத்து ஊற்றி, புகை வரச் சூடுபண்ணிச் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொருத்தியாக வாந்தி எடுக்க ஆரம்பித்தோம். குளியலறையில் ஒருத்தி, சமையலறைத் தொட்டியில் ஒருத்தி, நான் கொல்லைப்புறத்தில் சில்லென்ற புல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் எவ்வளவு பணம் கேட்பார்களோ என்ற பயத்திலேயே அன்று ராத்திரி கழிந்தது.

என்ன நடந்தது என்பது வேலையில் சேர்ந்தபின் பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கும். அந்த விஷம் திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. "நன்றாகச் சூடுபண்ணிவிட்டேனே" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. பாட்டி வீட்டுப் பழைய சோற்றை இதோடு சேர்க்காதே. அதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பார்கள், அது வேறு வேலை. குக்கரில் சும்மா மூடிக் கிடந்த சோறு பழைய சோறு ஆகாது.

இங்கே சமையலறைகளில் ஒரு கணக்கு உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாடு 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். 2 முதல் 4 மணி நேரம் ஆகிவிட்டால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். 4 மணி நேரத்தைத் தாண்டினால் குப்பைதான். சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை ஒரே அண்டாவில் குழம்பு வைத்து வாரம் முழுக்க ஓட்டப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் போடு. உறைந்த கோழியைத் தொட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகாதே, முதல்நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் எடுத்து வை. கோழியைக் கழுவவும் வேண்டாம் என்கிறார்கள், தெறிக்கிற தண்ணீரில் கிருமி சமையலறை முழுக்கப் பரவும் என்பதால். மஞ்சள் போட்டு நாலு தண்ணியில் அலசி வளர்ந்த கை, இந்தப் பழக்கத்தைக் கைவிட எனக்குப் பத்து வருஷம் ஆனது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

இதில் நம் ஆட்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. இருபது வருஷம் இங்கே இருந்தவர்கள்கூட, "நம்ம வயிறு கல்லைத் தின்றாலும் செரிக்கும்" என்பார்கள். பொங்கல் விழா இங்கே கொளுத்தும் கோடையில் வருகிறது. காலை பத்து மணிக்கு இறக்கிய பிரியாணியைக் கார் டிக்கியில் வைத்து எடுத்துவந்து, பேச்சு, நடனம் எல்லாம் முடிந்து நாலு மணிக்குத் திறப்பார்கள். குழந்தைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். நான் வாய்திறந்து சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரி ஆகிவிட்டாள் என்ற பேரும் வாங்கிவிட்டேன்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஏப்ரல், மே மாதங்களில் ஓக் மரத்தடியில் காளான் முளைக்கும். நம் ஊரில் இடி இடித்த மறுநாள் பறித்த ஞாபகத்தில் கை வைத்துவிடாதே. சமைத்தாலும் ஈரலை முடித்துவிடுகிற வகை அதில் இருக்கிறது. அம்மா கட்டிக் கொடுக்கிற கருவாட்டையும் உப்புக்கண்டத்தையும் என்னென்ன கொண்டுவருகிறாய் என்று எழுதிக் கொடுக்கிற விமான நிலைய அட்டையில் மறைக்காதே. உப்புக்கண்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. 2019-ல் பன்றிக்கறி, காடை எல்லாம் சொல்லாமல் கொண்டுவந்த ஒரு பெண்ணின் விசாவை சிட்னியிலேயே ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள்.

நான் முதல்முறை கங்காரு சமைத்தது எங்கள் சிவகங்கைப் பக்கத்து உப்புக்கறியாகத்தான். நல்லெண்ணெயில் மிளகாய்வற்றல், தட்டிய பூண்டு, கை நிறையச் சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் வேலைக்குக் கொண்டுபோனேன். இல்லத்தில் இருந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "அதை நாய்க்குத்தானே போடுவோம்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. விக்டோரியாவில் 1993 வரைக்கும் மனிதர் சாப்பிட அதை விற்கவே அனுமதி இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவருவதை இல்லத்து முதியவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பது விதி, அதனால் மூடியைத் திறந்து வாசனை மட்டும் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு, "பூண்டு எத்தனை பல் போட்டாய்?" என்று கேட்டார்.