கையில் பட்டது, பெனால்டி தரவில்லை: ஆட்டத்தை மறுபடி நடத்தச் சொல்லலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கால்பந்து ஆட்டம் முடியும் நேரத்தில் எங்கள் அணி உதைத்த பந்து எதிரணி டிஃபெண்டரின் கையில் பட்டது. ஸ்லோ மோஷனில் தெளிவாகத் தெரிகிறது. நடுவர் பெனால்டி தரவில்லை, ஓரத்தில் இருக்கும் திரையைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. தோற்றுவிட்டோம். மறு ஆட்டம் கேட்டு ரசிகர்கள் சார்பில் முறையிடப் போவதாகவும், வழக்கறிஞர் செலவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பும்படியும் ஒருவர் கேட்கிறார். அனுப்பலாமா? இந்தச் சண்டையில் என் நெருங்கிய நண்பனோடு பேச்சே நின்றுவிட்டது."

பணம் அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நடுவரின் முடிவை எதிர்த்து முறையிடும் உரிமை ரசிகருக்குக் கிடையாது. ஆடிய அணிக்குத்தான் உண்டு. அதற்கும் காலக்கெடு இருக்கிறது, பெரிய போட்டிகளில் அது மணிக்கணக்கில்தான். நாலு நாள் கழித்து ஒருவர் வசூலுக்குக் கிளம்பினால், அந்தப் பணம் எந்த வழக்குக்கும் போகப்போவதில்லை. நான் பல ஆண்டுகள் விசில் ஊதியவன். பரபரப்பான ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இப்படி ஒருவர் முளைப்பதைப் பார்த்திருக்கிறேன். ரசிகர்களின் வலி அவர்களுக்கு முதலீடு.

சரி, கை விஷயத்துக்கு வருவோம். பந்து கையில் பட்டாலே குற்றம் என்று விதியில் இல்லை. வேண்டுமென்றே கையால் தொட்டிருக்க வேண்டும். அல்லது, அந்த அசைவுக்குத் தேவையே இல்லாத இடத்தில் கையை வைத்து உடம்பை அகலமாக்கியிருக்க வேண்டும். கை என்பதும் அக்குளின் அடிப்பகுதிக்குக் கீழேதான் தொடங்குகிறது, தோளில் பட்டது கணக்கில் வராது. சறுக்கி விழுகிறவன் கையைத் தரையில் ஊன்றாமல் விழ முடியுமா? வீட்டில் எழுந்து நின்று ஒருமுறை குதித்துப் பாருங்கள், உங்கள் கைகள் எங்கே போகின்றன என்று தெரியும்.

நீங்கள் பார்த்த ஸ்லோ மோஷன்தான் உங்களை ஏமாற்றுகிறது. வீடியோ நடுவர்களுக்கான நெறிமுறையிலேயே இதற்கு வழிகாட்டல் இருக்கிறது. பந்து எங்கே பட்டது என்று பார்க்கத்தான் மெதுவான காட்சி. அது குற்றமா இல்லையா என்று தீர்மானிக்கச் சாதாரண வேகத்தில் பார்க்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தது நிதானமாகச் செய்த காரியம் மாதிரித் தெரியும். அந்த டிஃபெண்டர் யோசித்துக் கையை நீட்டியதாகவே தோன்றும். இந்தத் துண்டுக் காட்சிகளை வெட்டிப் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிவப்பு வட்டம் போட்டு, பந்து கையைத் தொடும் கணத்தில் படத்தை உறைய வைப்பார்கள். அதற்கு முந்தைய அரை விநாடியைக் காட்டவே மாட்டார்கள். பந்து எவ்வளவு பக்கத்திலிருந்து வந்தது, தொடையில் பட்டு எகிறி வந்ததா என்பதெல்லாம் அந்த அரை விநாடியில்தான் இருக்கும்.

இந்தக் கோபத்தோடு சொல்ல எனக்குக் காரணம் உண்டு. ஒரு மழை நாளில் நான் ஊதிய ஆட்டத்தில் 'பட்' என்று சத்தம் கேட்டது, பின்னாலிருந்து பார்த்தபோது டிஃபெண்டரின் கை அசைந்தது. பெனால்டி கொடுத்தேன். அந்தப் பையன் வாதாடவில்லை. அரைக்கால் சட்டையை ஒதுக்கித் தொடையைக் காட்டினான். பந்தின் சேற்றுத் தடம் அங்கே வட்டமாக அப்பியிருந்தது. நான் அதைப் பார்த்தபோது பந்து வலைக்குள் போய், ஆட்டமும் மறுபடி தொடங்கியிருந்தது. அந்த முடிவை என்னால் மாற்ற முடியவில்லை, விதி இடம் தராது.

நடுவர் திரையைப் பார்க்கவில்லை என்பதால் யாருமே பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். விஏஆர் என்ற வீடியோ நடுவர் முறை இருக்கும் ஆட்டத்தில் பெனால்டிக்கு வாய்ப்புள்ள ஒவ்வொரு சம்பவத்தையும் அறைக்குள் இருப்பவர்கள் சத்தமில்லாமல் சரிபார்க்கிறார்கள். பட்டவர்த்தனமான தவறு என்று அவர்களுக்குப் பட்டால்தான் நடுவரைத் திரைக்கு அழைப்பார்கள். இரு பக்கமும் வாதாட இடம் இருந்தால் மைதானத்தில் எடுத்த முடிவே நிற்கும்.

நீங்கள் சொல்வதைப் போலவே 2024 யூரோ காலிறுதியில் நடந்தது. கூடுதல் நேரத்தில் ஜெர்மனியின் முசியாலா உதைத்த பந்து ஸ்பெயினின் குகுரேயா கையில் பட்டது, பெனால்டி இல்லை. ஸ்பெயின் 2-1 என வென்றது. அது பெனால்டிதான் என்பது ஐரோப்பியச் சங்கத்தின் நடுவர் குழுவின் கருத்து என்று இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துச் செய்தி வந்தது. யாருக்கு என்ன பயன்? ஸ்பெயின் அதற்குள் கோப்பையே வாங்கிவிட்டது. அன்று இரவே நாலு வரியில் காரணம் சொல்வதில் என்ன கஷ்டம்? அந்த அறையில் நடக்கும் பேச்சை ரக்பியில் ரசிகர்கள் நேரடியாகக் கேட்கிறார்கள். கால்பந்தில் 2023 பிப்ரவரியில் நடந்த கிளப் உலகக் கோப்பையில்தான் நடுவர் ஒலிபெருக்கியில் முடிவைச் சொல்லத் தொடங்கினார், அதுவும் சுருக்கமாக மட்டும். இந்த மௌனத்தால்தான் வசூல்காரர்களின் கடை ஓடுகிறது.

2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோல் இதைவிட மோசம். அது முறையான கோல்தான், ஆனால் லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று மறுத்துவிட்டார். மைதானத்தில் கோல் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, விஏஆர் அறையில் 'சரிபார்த்தாயிற்று' என்று சொல்லிவிட்டார்கள். பிழை புரிந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒலிப்பதிவில் இனி எதுவும் செய்ய முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது கேட்கும். தவறு என்று நடுவர் அமைப்பே ஒப்புக்கொண்டது, பயிற்சியாளர் கிளாப் மறு ஆட்டம்தான் சரி என்றார். நடக்கவில்லை. லிவர்பூலுக்கே கிடைக்காதது உங்களிடம் பணம் கேட்கும் மனிதருக்குக் கிடைக்குமா?

மறு ஆட்டம் கிடைக்கும் வழியும் உண்டு. அதை வைத்துத்தான் உங்களைக் குழப்புவார்கள், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். நடுவர் தப்பாகப் பார்ப்பது வேறு, நடுவர் விதியையே தப்பாகப் பயன்படுத்துவது வேறு. கையில் பட்டதா, குற்றமா என்பது முதல் வகை, அதில் அவர் சொல்வதே முடிவு. 2005 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனுக்கு எதிராக 1-0 என முன்னிலையில் இருந்தது. அடுத்து வந்த பெனால்டியையும் கோலாக்கியது. ஆனால் உதைப்பதற்கு முன்பே உஸ்பெக் வீரர் ஒருவர் பெனால்டி பகுதிக்குள் ஓடி வந்துவிட்டார். அன்றைய விதிப்படி பெனால்டியை மறுபடி உதைக்க வைக்க வேண்டும். நடுவர் அதற்குப் பதிலாக பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். இது பார்வைப் பிழை இல்லை, விதிப் பிழை. ஆட்டம் 1-0 என முடிந்தது, ஜெயித்த உஸ்பெகிஸ்தானே முறையிட்டது, ஃபிஃபா ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி நடத்தியது. அப்புறம் என்ன ஆயிற்று? மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த அடுத்த ஆட்டம் 0-0. வெளியூரில் போட்ட கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. ஜெயித்த ஆட்டத்தை எதிர்த்து முறையிட்ட உஸ்பெகிஸ்தான் வெளியே போனது.

'நடுவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள்' என்பார்கள். நடுவர் வேண்டுமென்றே தவறான முடிவு கொடுத்ததும் நடந்திருக்கிறது. 2016இல் தென்னாப்பிரிக்காவுக்கும் செனகலுக்கும் நடந்த தகுதிச் சுற்றில், பந்து செனகல் வீரர் கூலிபாலியின் முழங்காலில் பட்டதற்கு ஹேண்ட்பால் என்று பெனால்டி கொடுத்த நடுவருக்கு ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது. ஆட்டமும் 2017இல் மறுபடி நடந்தது, செனகல் 2-0 என வென்றது. அங்கே பந்தயச் சந்தையின் அசாதாரணப் போக்கெல்லாம் ஆதாரமாக ஆராயப்பட்டது. உங்கள் கைபேசிக்கு வந்த துண்டுக் காட்சி அந்த மாதிரி ஆதாரம் இல்லை. அடுத்த ஆட்டம் 'செட்' ஆகிவிட்டது, துப்பு தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் உடனே விலகுங்கள்.

பணம் கேட்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நடுவர் எந்த விதியைத் தவறாகப் பயன்படுத்தினார்? 'கண்ணுக்கே தெரியுதே' என்று பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அனுப்பிய சான்றையும் அவர் போட்ட செய்திகளையும் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் நண்பருக்கு இன்றே ஃபோன் செய்யுங்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தக் காட்சியைச் சாதாரண வேகத்தில், நடுவர் நின்ற பக்கத்திலிருந்து எடுத்த கோணத்தில், ஒரே ஒரு முறை பாருங்கள். நடுவருக்குக் கிடைத்தது அந்த ஒரு முறைதான். பார்த்து முடித்ததும் ஆளுக்கொரு முடிவைத் தாளில் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள்.