முதலில் பதம், பிறகு துண்டு: அமெரிக்கப் புறநகர் ஸ்டேக்ஹவுஸில் குடும்பத்தோடு சாப்பிட

கேள்வி: இல்லினாயின் நேப்பர்வில்லில் இருக்கிறோம். மே மாதம் மகள் ஹைஸ்கூல் முடிக்கிறாள். ஓக் புரூக் பக்கம் நல்ல ஸ்டேக்ஹவுஸ் ஒன்றில் டின்னர் வேண்டும் என்கிறாள். நானும் அவளும் மாட்டிறைச்சி சாப்பிடுவோம். மனைவிக்கு மீன் அல்லது கோழி. பத்து வயது மகனுக்கு பர்கர் போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு மட்டன் பழக்கம், மாடு ஆகாது. அம்மா சுத்த சைவம். போன முறை ஓர் இடத்தில், ரத்தம் வரக்கூடாதே என்று ஃபிலே மின்யோனை (மாட்டின் முதுகுப் பக்கத்து மிருதுவான துண்டு) வெல் டன், அதாவது முழுக்க வெந்ததாகக் கேட்டேன். கட்டை போல வந்தது. இந்த முறை எப்படி ஆர்டர் செய்வது? எவ்வளவு ஆகும்?

பதில்: அந்தக் கட்டையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இந்த உணவகங்களில் நம்மவர்கள் காசு வீணாக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மெனுவில் விலை உயர்ந்த, பெயர் தெரிந்த துண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு நமக்குப் பழகிய பதத்தைச் சொல்கிறோம். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த அளவுக்கு வெந்தால் உங்களால் ரசித்துச் சாப்பிட முடியும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அந்தப் பதத்தைத் தாங்கும் துண்டை அதற்குப் பிறகு தேடுங்கள்.

மட்டன் குழம்பில் கறி எவ்வளவு நேரம் வேகிறதோ அவ்வளவு மிருதுவாகிறது. தொடை, தோள்பட்டைக் கறியில் இணைப்புத் திசு நிறைய உண்டு. ஈரச் சூட்டில் மெல்ல மெல்ல வேகும்போது அது கரைந்து ஜெலட்டினாகிறது. ஸ்டேக்குக்கு எடுக்கும் முதுகுப் பகுதிக் கறியில் அந்தத் திசு மிகக் குறைவு. கரைவதற்கு ஒன்றும் இல்லாததால், கூடுதல் சூடு செய்யும் வேலை ஒன்றுதான்: 140 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் தசைநார்கள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஃபிலே மின்யோன் அதிகம் உழைக்காத தசை என்பதால் மிருது, ஆனால் கொழுப்பும் குறைவு. நீர் போனபின் அதைக் காப்பாற்ற உள்ளே எதுவும் மிஞ்சாது. விலாப்பகுதித் துண்டான ரிப் ஐ அப்படி இல்லை. தசைக்குள் வெள்ளை இழைகளாக ஓடும் கொழுப்பு உருகி, வெந்த கறியையும் நெகிழ்வாக வைக்கிறது. மீடியம் (நடுத்தரமாக வெந்தது) அல்லது மீடியம் வெல் (அதற்கு ஒரு படி மேல்) வேண்டும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரிப் ஐ கேட்கலாம். மீடியம் ரேர் (மீடியத்துக்கு ஒரு படி கீழ்) பிடித்தவர்களுக்கே ஃபிலே முழு மதிப்பைத் தரும். நியூயார்க் ஸ்ட்ரிப் இரண்டுக்கும் நடுவே: கடித்தால் கொஞ்சம் இழுக்கும், சுவை அழுத்தமாக இருக்கும், மீடியம் வரை தாங்கும்.

தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை. ரத்தம் அறுக்கும் இடத்திலேயே வடிக்கப்பட்டுவிடுகிறது. நீங்கள் பார்ப்பது தசையில் ஆக்ஸிஜனைத் தாங்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். சூடு ஏற ஏற அது சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும். இது தெரிந்ததும் பலருக்கு மீடியம் மீது இருந்த பயம் போய்விடுகிறது.

பதங்களின் உள்சூடு ஏறக்குறைய இப்படி: ரேர் 120–125 டிகிரி ஃபாரன்ஹீட், மீடியம் ரேர் 130–135, மீடியம் 140–145, மீடியம் வெல் 150–155, வெல் டன் 160க்கு மேல். ஆனால் ஒரே சொல்லை ஒவ்வொரு சமையலறையும் கொஞ்சம் மாற்றிப் புரிந்துகொள்ளும். அதனால் பதத்தின் பெயரோடு நடுப்பகுதியின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "மீடியம், நடுவில் பிங்க் இருக்கலாம், சிவப்பு வேண்டாம்." தட்டையும் கவனிக்க வேண்டும். ரூத்ஸ் கிறிஸ் போன்ற இடங்களில் ஸ்டேக் 500 டிகிரித் தட்டில் வெண்ணெய் கொதிக்கக் கொதிக்க வரும். பேசிக்கொண்டே சாப்பிடுவதற்குள் அது அந்தத் தட்டிலேயே இன்னும் வெந்துவிடும். அங்கே ஒரு படி குறைத்துக் கேளுங்கள், அல்லது சாதாரணத் தட்டில் தரச் சொல்லுங்கள்.

ஸ்டேக் மேசைக்கு வந்ததும் பரிமாறுபவர் நடுவில் வெட்டிப் பார்க்கச் சொல்வார். வெட்கப்படாமல் வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் வெட்டினால் ஒன்றும் தெரியாது, ஓரம் எப்போதும் அதிகம் வெந்திருக்கும். வேகாமல் இருந்தால் திருப்பி அனுப்பலாம், சில நிமிடங்களில் சரியாகி வரும். அதிகம் வெந்திருந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதைக் கேட்பதும் இந்த விலைக்கு உங்கள் உரிமை. பாதி சாப்பிட்டபின் சொல்வது மட்டும் சரியில்லை. யாருக்காவது ஃபிலே வெல் டன்தான் வேண்டும் என்றால் 'பட்டர்ஃப்ளை' செய்யச் சொல்லுங்கள். தடித்த துண்டைப் புத்தகம் போலப் பிளந்து விரித்துச் சுடுவார்கள். மேலே கருகுவதற்குள் உள்ளே வெந்துவிடும்.

மகனின் பர்கருக்கு வேறு விதி. முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், நெருப்பு பட்டதும் போய்விடும். கொத்தும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்கு 145 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்கிறது, கொத்துக்கறிக்கு 160 டிகிரி கேட்கிறது. குழந்தைக்கு பர்கரை வெல் டன் என்றே சொல்லுங்கள். மீடியம் ரேர் ஸ்டேக் அந்த 145க்குக் கீழேதான் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகளுக்கு அது வேண்டாம்.

அப்பாவுக்கு லேம்ப் சாப்ஸ். மீடியம் வெல் கேட்டால் பிங்க் நிறம் அநேகமாகத் தெரியாது, கொழுப்பு இருப்பதால் காய்ந்தும் போகாது. ஆனால் கவனிக்க வேண்டியது சாஸ். டெமி கிளாஸ், போர்டலேஸ் என்று தட்டில் வரும் பழுப்பு நிறச் சாஸ்கள் பெரும்பாலும் மாட்டு அல்லது கன்று எலும்புச் சாற்றில் செய்தவை. "சாஸ் வேண்டாம், புதினா தனியாக" என்று சொல்லிவிடுங்கள். அடுப்பும் கேள்விக்குரியது: ஆட்டுக்கறி, மீன், மாடு எல்லாம் பெரும்பாலும் மேலிருந்து சூடு தரும் ஒரே பிராய்லரில்தான் வேகும். மத நம்பிக்கை காரணமாக அது உறுத்தும் என்றால் தனி வாணலியில் சமைக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். ஹலால் பார்ப்பவர்களும் தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும், இந்த வகை உணவகங்களில் இருக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது.

அம்மாவுக்குத்தான் அதிக முன்னேற்பாடு வேண்டும். சைவம் போலத் தோன்றும் பல பண்டங்கள் இங்கே சைவம் இல்லை. ஃபிரெஞ்ச் ஆனியன் சூப் வழக்கமாக மாட்டு எலும்புச் சாற்றில் வேகிறது. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன். வெட்ஜ் சாலட்டின் மேல் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) தூவியிருக்கும், பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸிலும் பல இடங்களில் அதே பேக்கன். உருளைக்கிழங்கு ஃபிரைஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் உணவகங்கள் உண்டு. பாரம்பரிய முறையில் செய்த பார்மஜான் சீஸில், பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது. நம்பிக் கேட்கக் கூடியவை: பேக்கன் இல்லாத பேக்டு பொட்டேட்டோ, வெண்ணெயில் வதக்கிய காளான், அஸ்பாரகஸ், வினிகிரெட் ஊற்றிய சாலட். காளானை மட்டும் எதில் வதக்குகிறார்கள் என்று ஒரு முறை கேளுங்கள், சில இடங்களில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள். முட்டையும் ஆகாது என்றால் சீஸ்கேக், கிரேம் ப்ரூலே, சாக்லேட் கேக் எல்லாம் போச்சு. பெர்ரிப் பழங்களும் கிரீமும் கேளுங்கள்.

இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால், மெனுவில் இல்லாத காய்கறித் தட்டு ஒன்றைப் பல ஷெஃப்கள் மனமுவந்து செய்து தருவார்கள். சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு மேசையில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் கிடைப்பது வேகவைத்த பிரக்கோலிதான். இன்னொன்று: கிப்சன்ஸ் போன்ற சிகாகோ பாணி ஸ்டேக்ஹவுஸ்களில் பச்சைக் கறித் துண்டுகளைத் தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து ஒவ்வொன்றாக விளக்கும் வழக்கம் உண்டு. அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு அது தேவையில்லை. முன்பதிவு செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முன்பதிவை இரண்டு மூன்று வாரம் முன்பே போடுங்கள். மே மாதம் பட்டமளிப்பும் அன்னையர் தினமும் சேர்ந்து வரும். அன்னையர் தினத்தன்று மட்டும் போகாதீர்கள், கூட்டம் ஒரு பக்கம், சில இடங்களில் வழக்கமான மெனுவே இருக்காது. மாலை ஐந்து, ஐந்தரை மணி மேசை எளிதில் கிடைக்கும், சமையலறையும் அவசரமில்லாமல் இருக்கும், பெரியவர்களுக்கும் அதுவே தோது. உடை பற்றிக் கவலை வேண்டாம்: காலர் சட்டையும் முழுப் பேன்ட்டும் போதும், அம்மா பட்டுப்புடவையில் வரலாம். தொப்பி, கையில்லாத பனியன், ரப்பர்ச் செருப்பு ஆகியவற்றைத்தான் தடுப்பார்கள்.

மெனுவில் மயக்கும் சொற்கள் சில. 'பிரைம்' என்பது வேளாண் துறையின் தர முத்திரைகளில் உயர்ந்தது, கொழுப்பு இழைகளின் அளவை வைத்துத் தருவது. அதற்கு அடுத்தது சாய்ஸ். ஆனால் 'பிரைம் ரிப்' என்பது விலாப்பகுதியை முழுதாக மெல்லச் சுட்டு அறுத்துத் தரும் பண்டத்தின் பெயர் மட்டுமே, அது சாய்ஸ் தரமாகவும் இருக்கலாம். 'ஆங்கஸ்' மாட்டினத்தைச் சொல்வது, தரத்தை இல்லை. எடை எல்லாம் பச்சை எடை: 16 அவுன்ஸ், அதாவது 454 கிராம் துண்டு வெந்தபின் ஏறக்குறைய முக்கால் பங்குதான் மிஞ்சும். டோமஹாக் என்பது நீண்ட எலும்பு ஒட்டிய ரிப் ஐ. படம் எடுக்க அழகு, ஆனால் அந்த எலும்புக்கும் சேர்த்துத்தான் விலை. டீ போன், போர்ட்டர்ஹவுஸ் இரண்டிலும் எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறுபக்கம் ஃபிலே. ஃபிலே பக்கம் அகலமான இடத்தில் ஒன்றேகால் அங்குலமாவது இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ், டீ போனுக்கு அரை அங்குலம் போதும். பரிமாறுபவர் வாயால் சொல்லும் 'இன்றைய ஸ்பெஷல்'களுக்குப் பெரும்பாலும் விலை சொல்ல மாட்டார். கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஜப்பானிய ஏ5 வாக்யூ (மிக உயர்ந்த தர மாட்டிறைச்சி) அவுன்ஸ் கணக்கில் விற்பது. விலை கேட்காமல் தலையாட்டினால் அந்த ஒரு தட்டே பில்லைப் புரட்டிப்போட்டுவிடும்.

உங்களுக்கு 16 அவுன்ஸ் ரிப் ஐ மீடியம், மகளுக்கு 8 அவுன்ஸ் ஃபிலே மீடியம் ரேர் போதும். மனைவிக்கு சால்மன். துணைப் பண்டங்கள் தனி விலை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பேருக்குக் காணும். ஆளுக்கு ஒன்று சொல்லிவிடாதீர்கள், மேசைக்கு இரண்டு போதும். தண்ணீர் எது என்று கேட்டால் 'டேப் வாட்டர்' என்று சொல்லுங்கள், பாட்டில் தண்ணீருக்குக் காசு.

செலவு, சிகாகோ புறநகரின் உயர்தர இடத்தில் ஏறக்குறைய இப்படி வரும்: இரண்டு ஸ்டேக் 130 டாலர், லேம்ப் 55, சால்மன் 42, பர்கர் 20, அம்மாவின் உருளைக்கிழங்கு, அஸ்பாரகஸ், சாலட் சேர்த்து 42, பொதுவாக இரண்டு துணைப் பண்டம் 30, இரண்டு இனிப்பு 28, மது இல்லாத பானங்கள் 25. மொத்தம் 372. வரி 9 சதவீதம் என்று வைத்தால் 33 டாலர். வரிக்கு முந்தைய தொகையில் 20 சதவீத டிப்ஸ் 74. ஆக 480 பக்கம். ஒயின் சேர்ந்தால் கோப்பைக்குக் குறைந்தது 15 டாலர் கூடும்.

டிப்ஸில் ஒரு எச்சரிக்கை. ஆறு பேர் அல்லது அதற்கு மேல் என்றால் பல உணவகங்கள் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும். அப்படிச் சேர்த்த பிறகும் கார்டுச் சீட்டில் டிப்ஸ் எழுத ஒரு கோடு இருக்கும். பில்லில் 'கிராஜுவிட்டி' என்ற வரி இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதினால் இரண்டு முறை கொடுத்தவர் ஆவீர்கள். அதற்காக டிப்ஸைக் குறைக்கவும் வேண்டாம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. இல்லினாய் போன்ற மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருந்தாலும், அந்த ஊழியரின் வருமானத்தில் பெரும்பங்கு உங்கள் மேசையிலிருந்துதான் போகிறது. இவ்வளவு மாற்றங்கள் கேட்ட மேசைக்கு 20 நியாயம்.

மிஞ்சியதைப் பெட்டியில் கட்டித் தருவார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், வெளியே 90 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். மூன்று நான்கு நாள் தாங்கும். மைக்ரோவேவில் வைத்தால் மீண்டும் கட்டைதான். 250 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில், உள்ளே வெதுவெதுப்பாகும் வரை வைத்து, பிறகு நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு அரை நிமிடம் புரட்டி எடுங்கள். துண்டு மெல்லியதாக இருந்தால் ஓவனே வேண்டாம்: நாருக்குக் குறுக்கே சீவி, வெங்காயமும் மிளகும் வதங்கி முடிந்த சூட்டில் கடைசியாகப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி இறக்கிவிடுங்கள்.