64 கோர் இருந்தும் வேகம் இல்லையா? கேள்வி-பதில்

கேள்வி: 8,000க்கு 8,000 அணியின் உறுப்புகளைக் கூட்டுகிறேன். ஃபோர்ட்ரான் நிரலை அப்படியே சி-க்கு மாற்றினேன். பல மடங்கு மெதுவாகிவிட்டது. சி மெதுவான மொழியா?

பதில்: மொழியைக் குறை சொல்லாதீர்கள். ஃபோர்ட்ரான் அணியை நெடுவரிசையாக அடுக்கும், சி கிடைவரிசையாக அடுக்கும். லூப்பை மாற்றாமல் பெயர்த்ததால் ஒவ்வொரு அடியிலும் 64,000 பைட் தாண்டுகிறீர்கள். மெமரியிலிருந்து கேஷுக்கு ஒரே வீச்சில் வரும் 64 பைட் துண்டுதான் கேஷ் லைன், அதில் எட்டு டபுள் (8 பைட் தசம எண்) வருகிறது. ஒன்றை எடுக்கிறீர்கள், மற்ற ஏழும் பயன்படுவதற்குள் கேஷிலிருந்து வெளியே போய்விடுகின்றன. உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாற்றுங்கள்.

கேள்வி: என் புரோகிராம் ரொம்ப ஸ்லோ. எப்படி வேகப்படுத்துவது?

பதில்: எந்தப் பிராசசர், எந்தக் கம்பைலர், என்ன ஃப்ளாக், எவ்வளவு டேட்டா? ஒன்றுமே எழுதாமல் விடை கேட்டால் எப்படி? கம்பைலரை வேகமான நிரல் எழுதவைக்கும் ஓ2 ஃப்ளாக்காவது போட்டீர்களா? லினக்ஸின் பெர்ஃப் ஸ்டாட் என்ற அளவுக் கருவியை ஓட்டி, சைக்கிளுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன், கேஷ் மிஸ் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். அளக்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் துறையில் இரண்டு சாக்கெட், 128 கோர் சர்வர் வாங்கினோம். முப்பரிமாண வெப்பப் பரவல் ஸ்டென்சில் (ஒவ்வொரு புள்ளியையும் அண்டைப் புள்ளிகளிலிருந்து கணக்கிடும் நிரல்) 16 த்ரெட் வரை நன்றாக ஏறுகிறது, அதற்கு மேல் அசைய மறுக்கிறது. கம்பைலரை மாற்றலாமா, இன்னும் கோர் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இந்தக் கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோரும் கோர் எத்தனை என்று கேட்டு வாங்குகிறார்கள். மெமரி சேனல் (பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதை) எத்தனை, எல்லாவற்றிலும் டிம் எனும் மெமரி அட்டை செருகியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பாதி சேனல் காலியாக இருந்தால் பாதி பேண்ட்வித் போயிற்று. முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

கணக்கைப் போடுவோம். டிடிஆர்4-3200 ஒரு சேனலுக்கு நொடிக்குச் சுமார் 25 ஜிபி தரும். எட்டுச் சேனலும் நிரம்பினால் சாக்கெட்டுக்கு 200. அதை 64 கோர் பங்கிட்டால் தலைக்கு மூன்று ஜிபி. ஒரு கோர் தனியாகவே 10 ஜிபிக்கு மேல் இழுக்கக்கூடியது. உங்கள் ஸ்டென்சில் ஒரு புள்ளிக்குச் சுமார் எட்டுக் கணக்கு செய்கிறது, அதற்கு 24 பைட் மெமரிப் போக்குவரத்து. ஆக சாக்கெட்டுக்கு 70 கிகாஃப்ளாப் (நொடிக்கு 70 நூறு கோடி கணக்கு) அளவில் நின்றுவிடும். அந்தச் சிப்பின் உச்சமோ 2,500ஐ ஒட்டியது. மூன்று சதவீதம்தான்! ஜப்பானின் ஃபுகாகு சூப்பர்கம்ப்யூட்டர், கணக்கு வேகத்தை அளக்கும் ஹெச்பிஎல் சோதனையில் 442 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டா என்பது பத்து லட்சம் கிகா) எடுத்தது. மெமரியை நம்பியிருக்கும் ஹெச்பிசிஜி சோதனையில் அதற்கே 16தான், அதுவும் சிப்புக்கு நொடிக்கு 1 டிபி தரும் ஹெச்பிஎம் எனும் அதிவேக மெமரியை வைத்துக்கொண்டு.

செய்ய வேண்டியது இதுதான். அர்ரேக்களை ஒரே த்ரெட்டில் பூஜ்ஜியமாக்கியிருப்பீர்கள். முதலில் தொடுகிற கோர் எந்த சாக்கெட்டோ அங்கேதான் லினக்ஸ் பேஜை (மெமரித் துண்டை) ஒதுக்கும். எல்லா டேட்டாவும் ஒரு சாக்கெட்டில் குவிந்து, இன்னொன்றின் மெமரி சும்மா கிடக்கும். ஓபன்எம்பி என்பது லூப்பைத் த்ரெட்டுகளுக்குப் பிரித்துத் தரும் வசதி, கணக்குப் போடும் அதே ஓபன்எம்பி ஸ்டாட்டிக் பங்கீட்டில் தொடக்க மதிப்பையும் போடுங்கள், த்ரெட்டுகளைக் கோரோடு கட்டுங்கள். பிறகு மெமரி வேகத்தை அளக்கும் ஜான் மெக்கால்பினின் ஸ்ட்ரீம் சோதனையை ஓட்டி, உங்கள் நிரல் அதில் எத்தனை பங்கு எடுக்கிறது என்று பாருங்கள். எண்பது சதவீதம் வந்துவிட்டால் ஃப்ளாக்குகளோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. டேட்டாவைக் கேஷில் வைத்துக்கொண்டே இரண்டு மூன்று காலப்படிகளை முடிக்கும்படி பிளாக் செய்யுங்கள். துல்லியம் இடம் கொடுத்தால் டபுளை 4 பைட் ஃப்ளோட் ஆக்குங்கள், போக்குவரத்து பாதியாகும்.

கேள்வி: ஃபாஸ்ட்-மேத் ஃப்ளாக் போட்டால் நல்ல வேகம். ஆனால் கடைசி இலக்கங்கள் மாறுகின்றன. அப்படியே விடலாமா?

பதில்: கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறத்தான் செய்யும். ஆபத்து வேறு இடத்தில். விடை எண்தானா என்று பார்க்க நீங்கள் எழுதிய NaN சோதனையைக் கம்பைலர் நீக்கிவிடலாம், கூட்டலில் சிதறும் பிழையைச் சேர்த்துக்கொள்ளும் கஹான் கூட்டலின் திருத்தத்தையும் சுருக்கி அழித்துவிடலாம். கூட்டல் லூப்புக்கு மட்டும் ஓபன்எம்பி சிம்டி ரிடக்‌ஷன் போடுங்கள், அதுவே போதும். போடும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

கேள்வி: த்ரெட்டுக்கு ஒரு கவுன்ட்டர், லாக் கிடையாது. ஆனாலும் த்ரெட் கூடக்கூட நேரம் ஏறுகிறது.

பதில்: ஃபால்ஸ் ஷேரிங். எட்டெட்டுக் கவுன்ட்டராக ஒரே கேஷ் லைனில் உட்கார்ந்திருக்கின்றன, ஒரு த்ரெட் எழுதினால் மற்றவற்றின் கேஷ் நகல் செல்லாமல் போகிறது. ஒவ்வொரு த்ரெட்டும் தன் உள்ளூர் மாறியில் எண்ணிக் கடைசியில் ஒருமுறை சேர்க்கட்டும். இல்லையென்றால் 64 பைட் இடைவெளி விடுங்கள். ஆப்பிள் எம் வரிசையில் 128.

கேள்வி: ஏவிஎக்ஸ்-512 (ஒரே கட்டளையில் எட்டு டபுளைக் கையாளும் வசதி) இன்ட்ரின்சிக் வைத்துச் சொந்தமாக அணிப் பெருக்கல் எழுதுகிறேன். யோசனை?

பதில்: கற்றுக்கொள்ள என்றால் எழுதுங்கள். ஆய்வுக்கு என்றால் ஓபன்பிளாஸ் எனும் ஆயத்த நூலகம்.

கேள்வி: என் லூப்பைக் கோடி முறை ஓட்டினேன், நேரம் பூஜ்ஜியம் என்று காட்டுகிறது. பிராசசர் அவ்வளவு வேகமா?

பதில்: விடையை எங்கும் பயன்படுத்தவில்லை, அதனால் கம்பைலர் லூப்பையே தூக்கிவிட்டது. விடையை அச்சிட்டுவிட்டு மறுபடி அளங்கள்.