நான் தனியாகச் செய்யும் பாவம் மற்றவர்களை எப்படிப் பாதிக்கும்?

பாவம் எனக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம்தானே, அதில் மற்றவர்கள் எங்கே வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வருகிறார்கள். இதற்கு வழக்கமாக பைபிளில் வரும் ஆகான் என்ற இஸ்ரவேலனைச் சொல்வார்கள். எடுக்கக் கூடாது என்று கடவுள் விலக்கியிருந்த பொருள்களை எரிகோ பட்டணத்தில் அவன் எடுத்து ஒளித்து வைத்ததற்கு, ஆயி பட்டணத்துப் போரில் இஸ்ரவேலர் 36 பேர் செத்தார்கள் (யோசுவா 7). நான் தாவீது ராஜாவைச் சொல்வேன். ஒருவன் ரகசியமாகச் செய்தது எந்தெந்த வழியில் போய் அடுத்தவர் மேல் விழுகிறது என்பது 2 சாமுவேல் 11 முதல் 13 வரை அப்படியே தெரிகிறது.

அடுத்தவன் மனைவியான பத்சேபாள் தன்னால் கர்ப்பமானதை மறைக்க முடியாமல், அவள் கணவன் உரியாவைப் போரில் சாகவிடும்படி தாவீது தன் படைத்தலைவன் யோவாபுக்குக் கடிதம் எழுதுகிறான். அதை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். அங்கே உரியா மட்டும் சாகவில்லை. அவனோடு வேறு சில வீரர்களும் விழுந்தார்கள் (11:17). அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. அரண்மனையில் என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவர்களுக்கும் வீட்டில் காத்துக்கொண்டு யாராவது இருந்திருப்பார்கள் இல்லையா? இந்த வசனத்தை என்னால் சுலபமாகக் கடந்து போக முடிவதில்லை.

அப்புறம் வீட்டுக்குள் பாருங்கள். தாவீதின் மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமாரைக் கெடுத்தபோது தாவீதுக்குக் கடும் கோபம் வந்தது, அவ்வளவுதான். மகனைத் தண்டித்ததாக எதுவும் இல்லை. தானே அடுத்தவன் மனைவியை எடுத்தவன் என்பதால் மகனைத் தட்டிக்கேட்க அவனுக்கு வாய் வரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நியாயம் கிடைக்காத தாமார், தன் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் வீட்டில் ஒடுங்கிப்போனாள். இரண்டு வருடம் கழித்து அப்சலோமே அம்னோனைக் கொல்ல ஆள் ஏவினான்.

"உமக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்று தாவீதே 51ஆம் சங்கீதத்தில் சொல்கிறானே" என்று சிலர் கேட்பார்கள். சரி, அந்தச் சங்கீதத்தை முழுதும் படியுங்கள். இரத்தப்பழியிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறது. கடைசியில் எருசலேமின் மதில்களுக்காக ஜெபிக்கிறது. ஊரையே தன் பாவம் தொட்டது என்று தெரிந்தவனின் ஜெபம் அது.

ஆனால் பாதிப்பு வேறு, குற்றம் வேறு. தகப்பன் செய்த அக்கிரமத்தை மகன் சுமக்க மாட்டான் என்று எசேக்கியேல் 18 தெளிவாகச் சொல்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). இன்றும் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று "பரம்பரை சாபம்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆனாலும் தாவீதின் பாவத்தைத் தொடர்ந்து, பத்சேபாளுக்குப் பிறந்த அந்தக் குழந்தை இறந்ததைப் (2 சாமுவேல் 12) படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. அதற்குச் சுலபமான விளக்கம் என்னிடம் இல்லை.

நீங்கள் ஏதாவது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தால், ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக எல்லார் முன்னும் எழுந்து நின்று சொன்னான் (லூக்கா 19). பணம் என்றால் திருப்பிக் கொடுங்கள். உங்களால் வேறொருவர் மேல் பழி விழுந்திருந்தால், அந்தப் பழியைக் கேட்டவர்களிடமே போய் உண்மையைச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.